ஓரகத்தியோடு ஒரு தொழில்

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த என் மகன், மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து யாரோடோ முக்கால் மணி நேரம் போனில் பேசிக்கொண்டிருந்தான். பேசி முடித்து உள்ளே வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. என்னடா என்றேன். சென்னையில் அவனோடு ஒரே அறையில் இருக்கும் சிநேகிதன், சொந்தமாகக் கம்பெனி ஆரம்பிக்க வேலையை விட்டுவிட்டானாம். இவனையும் கூட்டாளியாகக் கூப்பிடுகிறானாம். "கோ-ஃபவுண்டர்னு சொல்வாங்கம்மா. நான் வேலையை விடாம, ராத்திரியிலயும் ஞாயித்துக்கிழமையிலயும் பார்த்துக் குடுக்கறேன்னு சொன்னேன். அதுக்குப் போய் அவனுக்குக் கோபம்" என்றான்.

அடுப்படியில் கரும்பு நறுக்கிக்கொண்டிருந்த என் ஓரகத்தி சிரித்துவிட்டாள். "அக்கா, நம்ம ரெண்டு பேருக்கும் இம்புட்டு நாளா பேரு தெரியாமப் போச்சே! நாமளும் அதுதான் போலிருக்கு" என்றாள். பிறகு அவனைப் பார்த்து, "உங்கம்மாவைக் கேளு தம்பி. பாதி வேலையை விட்டு, பாதி விடாம இருக்கிறது எப்படின்னு அவுங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்று ஒரு போடு போட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் சொன்னது நிஜம். அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் கீரமங்கலம். புதுக்கோட்டை மாவட்டத்தில் பூவுக்குப் பேர் போன ஊர். விடிவதற்குள் மல்லிகையும் முல்லையும் கனகாம்பரமும் மூட்டை மூட்டையாகக் கமிஷன் கடைகளில் இறங்கும். பலாவுக்கும் குறைவில்லை. எங்கள் வீட்டுக்குப் பூவும் இல்லை, பலாவும் பெரிதாக இல்லை. தென்னைதான். மாமனார் வைத்த தோப்பு. என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனாருக்கும் பொதுவில் 140 மரம். இரண்டு குடும்பமும் அதிலேதான் பிழைத்தோம், பிள்ளைகள் படித்தார்கள்.

2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, விடிவதற்குள் எங்கள் பக்கம் வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி முழுக்க மாமியாரையும் பிள்ளைகளையும் நடுவீட்டில் உட்கார வைத்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றோம். மரம் முறிகிற சத்தம் துப்பாக்கி வெடிக்கிற மாதிரி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். விடிந்து போய்ப் பார்த்தால் நின்றவை பதினோரு மரங்கள். மற்றதெல்லாம் ஒரே பக்கமாகத் தலைசாய்த்துப் படுத்திருந்தன. மாமியார் ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். அழக்கூட இல்லை. மூன்று வாரம் கரண்ட் இல்லை.

அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் கொடுத்தது. விழுந்ததை அகற்றவே முக்கால்வாசி சரியாய்ப் போயிற்று. புதுக் கன்று வைத்தால் நாட்டு ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை சாப்பாட்டுக்கு? ஆண்கள் இருவரும் வேலை தேடிப் போனார்கள். என்னவர் ஆலங்குடியில் ஒரு கடையில் கணக்கெழுதப் போனார். கொழுந்தனார் லாரிக்குப் போனார்.

அப்போது என் ஓரகத்திக்கு இரண்டாவது குழந்தை பிறந்து பத்து மாதம். அவள் சத்துமாவு செய்வதில் கெட்டிக்காரி. கேழ்வரகையும் பாசிப்பயறையும் முளைகட்டி, வெயிலில் காயவைத்து, வறுத்துத் திரித்துக் கஞ்சி காய்ச்சுவாள். முளைகட்டிய மாவுக்கு ஒரு குணம் உண்டு. கஞ்சி களி மாதிரி இறுகாது, இளகலாக இருக்கும். அதனால் அதே கிண்ணத்தில் கொஞ்சம் கூடுதல் மாவு சேர்க்கலாம். சின்ன வயிற்றுக்குள் அதிகச் சத்து போகும். (ஆறு மாதம் முடிகிறவரை தாய்ப்பால் மட்டும்தான், அதற்குப் பிறகுதான் இதெல்லாம். புதுத் தாய்மார்கள் இதை மறக்க வேண்டாம். நிலக்கடலை, பாதாம் சேர்த்த மாவு என்றால் முதலில் ஒரு ஸ்பூன் கொடுத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.) தெருவில் நாலைந்து பேர் அவளிடம் கேட்டு வாங்கிப் போவார்கள். காசு கேட்க அவளுக்குக் கூச்சம். ஒரு நாள் திடீரென்று என்னிடம், "அக்கா, நாம இதையே தொழிலாச் செய்வோமா? நான் செய்யறேன், நீங்க கணக்கும் வியாபாரமும் பாருங்க. பாதிப் பாதி" என்றாள்.

ஊர் சும்மா இருக்குமா? "ஓரகத்தி ரெண்டு பேரும் ஒரே உலையில அரிசி போட்டாலே வேகாது, இதுக தொழில் பண்ணப் போகுதாம்" என்று குழாயடியில் சிரித்தார்கள். என் மாமியார் மட்டும், "செய்யுங்க. ஆனா சண்டை வந்தா எங்கிட்டே பஞ்சாயத்துக்கு வராதீங்க" என்று சொல்லிவிட்டார்.

2019 பங்குனியில் ஆரம்பித்தோம். அவள் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்து முழுப் பணத்தையும் கொண்டுவந்து மாமியார் முன்னால் வைத்தாள். நான் வைத்தது சீட்டு எடுத்த பணம் எட்டாயிரம். என்னிடம் நாலு பவுன் வளையல் இருந்தது. அரிசிப் பானைக்கு அடியில், துணியில் சுற்றி வைத்திருந்தேன். "அவர் வளையலை வைக்க விடமாட்டேங்கிறாரும்மா" என்று அவளிடம் சொன்னேன்.

சுத்தப் பொய். என் வீட்டுக்காரரிடம் நான் கேட்கவே இல்லை.

ஏன் அப்படிச் செய்தேன்? நான் ஏழாவது படிக்கும்போது என் அப்பா வைத்திருந்த மளிகைக்கடை நொடித்துப் போயிற்று. கடன்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு போனார். அது மாட்டியிருந்த இடத்தில் வெள்ளையடிக்காத வட்டம் ஒன்று வருஷக்கணக்கில் இருந்தது. "கடை மூடின வீட்டுப் பொண்ணு" என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை. பத்தாவதோடு என் படிப்பும் நின்றது. தொழில் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அந்த வட்டம்தான் கண்ணில் வரும். தோற்றுப்போனால் பணம் போகும் என்பதைவிட, தோற்றுப்போனதை நாலு பேர் பார்ப்பார்களே என்பதுதான் பெரிய பயம்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். தொழிலில் இருந்தும் இல்லாத மாதிரி இருப்பது! யாராவது கேட்டால், "அவ செய்யறா, நான் சும்மா ஒத்தாசைக்கு" என்பேன். அட்டையில் ஒட்டும் சீட்டில் இரண்டு பேர் பெயரும் போடலாம் என்று அவள் சொன்னபோது, "எதுக்கும்மா, உன் பேரே போதும்" என்று பெருந்தன்மை மாதிரி விட்டுக்கொடுத்தேன். ஓடினால் நானும் கூட இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஓடாவிட்டால் அவள் தொழில். இந்தக் கெட்டிக்காரத்தனத்தை அப்போது நான் ஜாக்கிரதை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொழில் மெதுவாகப் பிடித்தது. உணவுப் பாதுகாப்புத் துறையில் வருஷத்துக்கு நூறு ரூபாய் கட்டிப் பதிவு செய்தோம். பாக்கெட்டில் தயாரித்த தேதி, எடை, என்னென்ன சேர்ந்திருக்கிறது, சைவம் என்பதற்குப் பச்சைப் புள்ளி எல்லாம் போட வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. கேழ்வரகு ஒரு கிலோ என்றால் கம்பு, கோதுமை, பாசிப்பயறு கால் கால் கிலோ, பொட்டுக்கடலை, நிலக்கடலை கொஞ்சம், வாசனைக்குச் சுக்கும் ஏலமும். முதலில் மாதம் 15 கிலோ, பிறகு 30. ஆடி முடிவதற்குள் அவள் வட்டி கட்டிவிட்டு, கையிலும் ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம் நின்றது.

ஐப்பசியில் வந்தது வினை. பக்கத்து டவுனில் ஒரு பெரிய கடை, ஒரே தடவையில் 50 கிலோ கேட்டது. பத்து நாள் கெடு. நாங்கள் முளைகட்டி விரித்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை நம் சௌகரியம் பார்த்தா பெய்யும்? வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் விரித்தோம். நாலாவது நாள் அவள் கேழ்வரகை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து, "இன்னும் நெகிழ்வா இருக்கு அக்கா. கடைக்காரர்கிட்டே நாலு நாள் தவணை கேப்போம்" என்றாள். நான்தான், "கேட்டா ஆர்டர் போயிடும். அதெல்லாம் காய்ஞ்சிருச்சு, வறுக்கையில சரியாயிடும்" என்று அடித்துப் பேசினேன். வயதில் மூத்தவள் சொன்னால் அவள் மறுத்துப் பேசமாட்டாள்.

மூன்றாவது வாரம் கடைக்காரர் ஆட்டோவில் மூட்டையைத் திருப்பி அனுப்பினார். மாவு கட்டி கட்டியாக இருந்தது. பிரித்தால் முகத்தில் அடிக்கிற பூஞ்சை வாடை. சிலதில் வண்டு. பூசணம் பிடித்த மாவை வறுத்தாலும் காய்ச்சினாலும் அதிலுள்ள விஷம் முழுக்கப் போகாது. மாட்டுக்கும் வைக்கக் கூடாது. விழுந்த தென்னைகளின் வேரைத் தோண்டிய குழி தோப்பில் திறந்தே கிடந்தது. அதில் கொட்டி மண்ணைத் தள்ளினோம். 40 கிலோவுக்கு மேல். அவள் ஒன்றுமே பேசவில்லை. "நீங்கதானே சொன்னீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றைக்குப் படுத்தவள்தான் நான். இடுப்புவலி என்று சொல்லிவிட்டு ஒன்பது நாள் அவள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு முருங்கை மரம்தான்! அந்த ஒன்பது நாளில் அவள் என்ன செய்தாள் தெரியுமா? நோட்டைப் பார்த்து, அந்த ஈடு மாவு வாங்கிய வீடு ஒவ்வொன்றுக்கும் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனாள். "இந்த மாவைக் குடுக்காதீங்க" என்று பாக்கெட்டை வாங்கிக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுத்தாள். நல்லவேளை, எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. குழாயடியில் பேச்சு வந்தது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் ராத்திரி, என்னவர் தூங்கின பிறகு, அவள் நோட்டோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க இருக்கீங்களா, இல்லையா?"

"என்னம்மா இப்படிக் கேக்கறே? இடுப்பு..."

"இடுப்பை விடுங்க. நீங்க வேண்டாம்னு சொன்னா எனக்கு வருத்தம் இல்லை. எட்டாயிரத்தைக் குடுத்துடறேன். ஒத்தையாச் செய்ய முடிஞ்சதைச் செய்வேன். ஆனா நீங்க இருக்கீங்கன்னு நினைச்சு நான் கணக்குப் போட, நீங்க இல்லாமப் போனா அதுதான் என்னைக் கவுத்துடும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அரிசிப் பானைக்கு அடியில வளையல் இருக்கிறது எனக்கு ஆரம்பத்துலயே தெரியும். அத்தைதான் சொன்னாக. நீங்களா எடுப்பீங்கன்னு பார்த்தேன்" என்றாள்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். ஏழு மாதம் தெரிந்தும் தெரியாத மாதிரி என்னோடு ஒரே முறத்தில் புடைத்திருக்கிறாள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. என் அம்மா ஞாபகம் வந்தது. 1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், படிப்போடு சேர்த்துப் பெண்கள் சைக்கிளும் பழக வேண்டும் என்று முனைந்தார். கல்லுடைக்கும் பெண்கள், பூக்காரிகள், ஆசிரியைகள், அங்கன்வாடிப் பெண்கள் எல்லோரும் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டையில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு என்று ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டியவர்கள் உண்டு. முன்பார்ல குழந்தையை உட்கார வைக்கலாம், அதுவே சௌகரியம் என்பார்கள்!

கடை நொடித்த வீட்டு அம்மாவும் பழகினார், அந்த அவமானத்தின் நடுவிலேயே. பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியவள் நான். ஒரு நாள் தெருப் பையன்கள் சிரித்தார்கள் என்று வெட்கப்பட்டு, பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு பிடியை மட்டும் விட்டுவிட்டேன். அம்மா கண்மாய்க் கரையில் உருண்டார். முழங்கை சிராய்த்து ரத்தம். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "புடிக்கிறதுன்னா புடி. விடறதுன்னா சொல்லிட்டு விடு. நான் காலை ஊன்றிக்குவேன்" என்றார். மறுபடி ஏறிவிட்டார். விழுந்ததற்கு அழவே இல்லை. விழுந்ததை அன்று தெருவே பார்த்தது. மறுவாரம் அதே தெருவில் ஆலங்குடி சந்தைக்கு ஓட்டிப் போனதையும் பார்த்தது. இருபத்தெட்டு வருஷம் கழித்து அதே வேலையை நான் மறுபடி செய்திருக்கிறேன்.

காலையில் என்னவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பொய் சொன்னதையும் சேர்த்து. அவர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு, "நான் எப்போ வேண்டாம்னேன்? என்னை எதுக்கு வில்லனாக்கினே?" என்றார். அதுதான் அவருக்குப் பெரிய வருத்தமாக இருந்தது, இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். வளையலை எடுத்துக்கொண்டு போய் என் ஓரகத்தி கையில் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. "நீங்களே வச்சு, உங்க பேர்லயே ரசீது வாங்குங்க" என்றாள். அப்படியே செய்தேன். அந்தப் பணத்தில் முதலில் கடைக்காரர் பாக்கியைத் தீர்த்தோம். மீதியில் பழைய மாவு மெஷின் ஒன்று வாங்கினோம்.

அதோடு ஒரு காரியமும் செய்தோம். முத்திரைத்தாள் வாங்கி, விவரம் தெரிந்த ஒருவரை வைத்து ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். ஓரகத்திகளுக்குள் பத்திரமா என்று அதற்கும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கூட்டு வியாபாரத்துக்கு 1932-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. எழுதிக்கொள்ளாவிட்டால், போட்ட பணம் கூடக் குறைய இருந்தாலும் லாபநஷ்டம் சரிபாதி என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். தொழிலுக்காக ஒருத்தி வாங்கிய கடனுக்கு மற்றவளும் முழுப் பொறுப்பு. இது தெரியாமல் எத்தனையோ சிநேகிதிகள், அக்கா தங்கைகள் சேர்ந்து ஆரம்பித்து மனஸ்தாபப்பட்டுப் போகிறார்கள். நாங்கள் எழுதியது, யார் எவ்வளவு போட்டது, யாருக்கு எந்த வேலை, மாதா மாதம் அமாவாசையன்று கணக்கு, சரக்கு சரியில்லை என்று ஒருத்தி சொன்னால் மற்றவள் மறுபேச்சுப் பேசாமல் நிறுத்த வேண்டும், விலகுவதானால் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும். விலகலாம் என்று எழுதி வைத்த பிறகுதான் எனக்கு விலகத் தோன்றவில்லை. மனசு என்ன விசித்திரம் பாருங்கள்! பத்திரத்தில் எழுதாத ஒன்றும் உண்டு. கணக்குப் பார்க்கும்போது குடும்பப் பேச்சு கூடாது, குடும்பத்தில் உட்காரும்போது கணக்குப் பேச்சு கூடாது. இதை மாமியார் போட்டார். பஞ்சாயத்துக்கு வராதீர்கள் என்றவர்தான்!

மழைக்கு என்ன செய்வது என்ற யோசனை மிச்சம் இருந்தது. அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்த என் மகன்தான் லிஜ்ஜத் அப்பளக் கதையைச் சொன்னான். 1959 மார்ச் 15-ந் தேதி, பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். முதல் நாள் நாலே பாக்கெட். அதில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட் அம்மையாருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். லாபமோ நஷ்டமோ எல்லோரும் பங்கிட்டுக்கொள்வது என்பது அவர்கள் ஏற்பாடு. எனக்குப் பிடித்தது அதுகூட இல்லை. முதல் வருஷ மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் அவர்களும் நாலு மாதம் தொழிலை நிறுத்தியிருக்கிறார்கள்! மறுவருஷம் ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கி, அப்பளத்தைக் கட்டில்மேல் பரப்பி, கீழே ஸ்டவ்வை ஏற்றிக் காயவைத்தார்களாம். இதைக் கேட்டதும் ஓரகத்தியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவு பெரிய பெயர் எடுத்தவர்களையும் மழை உட்கார வைத்திருக்கிறது என்பதில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி.

கட்டில் வைத்தியம் மாவுக்கு ஒத்துவரவில்லை. ஸ்டவ் வாடை தானியத்தில் ஏறியது. ஆனால் அதிலிருந்து வேறு யோசனை கிடைத்தது. மாசி, பங்குனி, சித்திரை வெயிலில் வருஷத்துக்கு வேண்டிய முளைதானியத்தை முழுக்கக் காயவைத்து, கடித்தால் "படக்"கென்று உடைகிற பதத்தில் மூடி போட்ட டின்களில் அடைத்துவிடுவோம். மழைக்காலத்தில் அதை எடுத்து, வறுத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் திரிப்போம். திரித்த மாவை நன்றாக ஆறவிட்டுத்தான் பாக்கெட்டில் போடுவோம். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்து அதுவே கெடுத்துவிடும். வீட்டுக்குச் செய்கிறவர்களுக்கும் இந்தப் பக்குவம் பொருந்தும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கோயிலும் இல்லை, கல்யாணமும் இல்லை. எங்கள் ஊர் பூவுக்குக் கேட்பாரில்லை. எங்களுக்கும் கடைகள் பாதி மூடல். பழைய பயம் எனக்குத் தொண்டை வரை வந்தது. இந்தத் தடவை முருங்கை மரத்தைத் தாண்டிப் போய், "எனக்குப் பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னேன். "எனக்கும்தான் அக்கா" என்றாள் அவள். அவளும் பயப்படுவாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இரண்டு பேரும் உட்கார்ந்து எவ்வளவு நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டோம். மூன்று மாதம் என்று வந்தது. எண்ணிப் பார்த்துவிட்ட பிறகு பயம் கொஞ்சம் அடங்கி உட்கார்ந்தது. அதற்குள் வீட்டிலேயே இருந்த தாய்மார்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்போது மாதம் 150 கிலோவுக்குக் குறையாமல் போகிறது. உதவிக்கு இரண்டு பெண்கள். மாடி வீடு கட்டிவிடவில்லை. வளையலும் சங்கிலியும் மீண்டு வந்தன. பாக்கெட்டில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது.

இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். அவன் பதிலுக்கு இன்போசிஸ் கதையைச் சொன்னான். 1981-ல் ஏழு பேர் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. நாராயண மூர்த்திக்கு சுதா மூர்த்தி அம்மா தன் சேமிப்பிலிருந்து பத்தாயிரம் ரூபாய் கொடுத்த கதை நமக்கெல்லாம் தெரியும். தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. 1989-ல் ஒருவர் விலகிப்போனார். 1990-ல் கம்பெனியைப் பத்து லட்சம் டாலருக்குக் கேட்டு ஆள் வந்தது. ஒன்பது வருஷம் கஷ்டப்பட்டவர்கள், விற்றுவிடலாம் என்று மணிக்கணக்கில் பேசினார்களாம். கடைசியில் மூர்த்தி, விற்பதானால் உங்கள் பங்கையெல்லாம் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றாராம், கையில் காசில்லாமலே. அதைக் கேட்டு மற்றவர்களும் தங்கிவிட்டார்கள்.

"பார்த்தியா, அப்படி இருக்கணும்கிறாங்க எல்லாரும்" என்றான் மகன், கொஞ்சம் சலிப்பாக. எனக்கென்னவோ அந்த 1989-ல் போனவரையும் பிடித்திருந்தது. போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதில் என்ன குறை?

"நீ வேலையை விடுன்னும் நான் சொல்லலை, விடாதேன்னும் சொல்லலை. உனக்கு இன்னும் படிப்புக் கடன் இருக்கு, அது எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் முடியும்னா, கூட்டாளின்னு பேர் வாங்கிக்காதே. சம்பளத்துக்கோ சிநேகத்துக்கோ செஞ்சு குடுக்கறேன்னு சொல்லு. அந்தப் புள்ளை காலை ஊன்றிக்கும்" என்றேன்.

"அப்படிச் சொன்னா சிநேகம் போயிடாதாம்மா?"

நான் பதில் சொல்வதற்குள் ஓரகத்தி அடுப்படியிலிருந்து, "ஒன்பது நாள் இடுப்புவலின்னு படுத்துக்கிட்டாப் போகும்" என்றாள்.

மறுநாள் பஸ் ஏறும்போது ஒரு கிலோ சத்துமாவு கொடுத்தனுப்பினோம், அரைக் கிலோ அவனுக்கு, அரைக் கிலோ சிநேகிதனுக்கு. போன வாரம் போன் செய்தான். இரண்டு பேரும் மெரினாவில் உட்கார்ந்து பேசினார்களாம். படிப்புக் கடன் எவ்வளவு, கையில் எவ்வளவு, எத்தனை மாதம் தாங்கும் என்று ஒரு நோட்டில் எழுதினார்களாம். என்ன முடிவு என்று கேட்டேன். "இன்னும் எழுதிக்கிட்டிருக்கோம்மா" என்றான்.

பங்குனி வெயில் ஆரம்பித்துவிட்டது. நாளைக்கு 60 கிலோ கேழ்வரகு நனைக்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறாள்.